பச்சைப் பூஜாடி

பழைய பொருள்கள் விற்கும் கடையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், நாத்தனார் உள்ளே நுழைவதைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பச்சைப் பூஜாடியை நேற்றுதான் விலைச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருந்தாள்.

நாத்தனார் நேராக அதைத்தான் எடுத்தார்.

"இது எப்ப வந்தது?"

"நேத்து, அக்கா."

நாத்தனார் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உனக்குக் கொடுத்தேனே, அதையும் இங்கதான் வாங்கினேன். நீ இங்க வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. என் தம்பிகிட்ட சொல்லிடாதே."

"சேச்சே, நான் ஏன் சொல்றேன்?"

"நல்லவேளை, அதோட ஜோடியும் கிடைச்சுது. பில் போடு. என் பரிசா இதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜாடியும்தான்.