எதிர்க்கருத்து

"தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போவது சரியே." கட்டுரையின் முதல் வரியை வாசித்தாள் நிரோஷினி. "எதிர்க்கருத்து நீங்க சொல்லுங்கம்மா. அதுக்குப் பதில் எழுதினாத்தான் கட்டுரை நிக்கும்னு ஸ்கூல்ல சேர் சொன்னாரு."

ஜீவராணி அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே கேட்டாள். "புள்ளைக்குக் காய்ச்சல்னா?"

"பக்கத்துக் காம்பிரா வீட்டு அத்தை பாத்துக்குவாங்க."

"அப்பன் குடிச்சிட்டு வந்தா?"

"புள்ள அத்தை வீட்டுலயே படுத்துக்கும்." சொல்லிக்கொண்டே எழுதினாள் நிரோஷினி.

"அம்மாவத் தேடுச்சுன்னா?"

நிரோஷினி பேனாவை மூடினாள். "போன் இருக்குல்ல."

கீழே ரோட்டில், ஜீவராணியை ஏற்றிப்போக வந்த ஏஜென்சி வேன் ஹாரன் அடித்தது. ஜீவராணி கட்டி வைத்திருந்த பேக்கைத் தூக்காமல் நின்றாள்.

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இது யாருக்குடி?"

"ஒங்களுக்குத்தான். அங்க அழுகை வந்தா எடுத்து வாசிங்க."

ஜீவராணி தாளை வாங்கிப் பார்த்தாள். 'அம்மாவத் தேடுச்சுன்னா?' என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருக்கவில்லை.