மாதவ் போட்ட நம்பர்

ஒரு நம்பரை வேறு எதுவாவது வகுக்குமா வகுக்காதா என்று தெரிந்துகொள்ள நீங்கள் எத்தனை மாதம் காத்திருப்பீர்கள்? மைசூர் அக்ரஹாரத்தில் அன்னபூர்ணி ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். பெட்டியெல்லாம் கட்டி வைத்தாயிற்று.

சின்ன நம்பர் இல்லை. இரண்டை இரண்டால் பெருக்கி, வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கி, இப்படியே பத்துக் கோடித் தடவைக்கு மேல் போய்க் கடைசியில் ஒன்றைக் கழித்தது. எழுதினால் மூன்று கோடி இலக்கம் வரும். அது பகா எண்தானா என்று பார்க்க மகன் மாதவ் தன் பழைய கம்ப்யூட்டரில் ஓட விட்டிருந்தான். நடுவில் எதுவும் தெரியாது, முடிவில்தான் ஆமாம் இல்லை என்று சொல்லும் என்பான்.

ஓட விட்ட வாரமே ரிங் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் அவன் அப்பா சுப்ரமணியன் கேட்டது ஒன்றுதான். நம்பர் முடிகிறவரை அவன் ரூமைத் தொட வேண்டாம், முடிந்ததும் பெங்களூரில் மகள் ஸ்மிதாவோடு போய் இருந்துவிடலாம் என்றார்.

அன்னபூர்ணி அழவில்லை. சரி என்றாள். ஆனால் மூடின கதவுக்குப் பின்னால் ராப்பகலாக அந்தக் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம், அவன் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரியே. சோறு இறங்கவில்லை. முடிந்ததா, முடிந்ததா என்று தினமும் கேட்பாள். தசராவின்போது முக்கால்வாசி ஆகிவிட்டது என்றார். அப்புறம் கேட்டால், ஓடுகிறது என்பார்.

யுகாதி கழித்து, மாதவின் சிநேகிதன் உமேஷ் யுபிஎஸ் பேட்டரி மாற்ற வந்தான்.

"பழைய மெஷின் இல்லையா ஆன்ட்டி, மூணுல ஒரு பங்குதான் ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இனித் தன்னால் முடியாது என்று அவள் ஸ்மிதாவுக்குப் போன் போட்டாள். காலையில் காரோடு வரச் சொன்னாள். நேரே ரூமுக்குள் போய்ச் சுவிட்சில் கை வைத்தாள்.

"ஏன்னா, அணைக்கப்போறேன். இது முடியறதுக்குள்ள நான் முடிஞ்சுடுவேன்."

ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்த சுப்ரமணியன் திரும்பவில்லை.

"அது எப்பவோ முடிஞ்சுடுத்து அன்னம்."

"என்ன சொல்றேள்?"

"சங்கராந்தியன்னிக்கே. பகா எண் இல்லையாம். எது வகுக்கறதுன்னு கேட்டா, அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறது."

"அப்போ இப்ப ஓடிண்டிருக்கறது?"

"அதே நம்பர்தான். மறுபடி முதல்லேர்ந்து போட்டேன்."

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

மறுநாள் காலை ஸ்மிதா வந்தாள். அன்னபூர்ணி வாசலுக்கு வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"நம்பர் இன்னும் முடியலடி. டிபன் சாப்பிட்டுட்டு நீ கிளம்பு."