பூஜ்யம்

பெண்களின் மூத்திரப்பை வலிக்கு ஊசி சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எதுவென்று டாக்டருக்கே தெரியாது. வலிக்குத் தினமும் நாங்களே பத்துக்கு மார்க் போடவேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம்.

முப்பது வருடம் தாராளமாக மார்க் போட்ட டீச்சர் நான். சின்னப்பெண் டாக்டரின் வாடிய முகம் பொறுக்காமல் பூஜ்யம் போட்டேன். "தவிலடிச்சு எழுப்புனாங்க டாக்டர், அப்படித் தூக்கம்" என்று அளந்தேன். மற்றவர்களையும் போடவைத்தேன். பக்கத்துக் கட்டில் செண்பகவல்லியோ நிஜமாகவே தூங்கினாள்.

சோதனை முடிந்ததும் சொன்னார்கள்: எனக்கும் பாதிப் பேருக்கும் போட்டது உப்புநீராம், அவளுக்கு மருந்தாம். இரண்டுக்கும் மார்க்கில் வித்தியாசமில்லை என்று மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

செண்பகவல்லிக்கு வலி திரும்பிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தண்ணியிலேயே சரியாயிடுச்சே டீச்சர். எனக்கும் அதையே போடச் சொல்லுங்க."

என் அடிவயிறு எரிந்துகொண்டிருந்தது. சிரித்தேன்.