படகின் பெயர்

"யூனியன் தீவு பக்கம்தானே? ஒருநாள் போயிட்டு வர கூலிப் படகு போதுங்க," என்றாள் இனெஸ்.

கணவர் ஹெக்டருக்கு மீசை துடித்தது. "எங்கப்பா கையால கட்டின 'யூடோரா' இருக்கும்போது கூலிப் படகா? வாரா வாரம் அதுலதான் அங்கே சரக்கு ஏத்திட்டுப் போனாரு. நம்ம கரியாகூ தீவுல எல்லாரும் படகுக்குப் பொண்டாட்டி பேரை வைப்பாங்க. அவரு பக்திமான். புனிதை பேரை வெச்சாரு! நம்ம குடும்பம் யாருன்னு அந்தத் தீவுக்கே தெரியணும்!"

அழிந்திருந்த பெயரை ஆளுயர எழுத்தில் புதிதாக எழுதி, ஞாயிறன்று குடும்பத்தோடு கிளம்பினார்.

அக்கரையில் இறங்கியதும், ஹெக்டரின் அதே மூக்கோடு, அவரைவிடச் சற்று இளையவர் ஒருவர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே! எங்கம்மா பேரை இத்தனை வருஷமாக் காப்பாத்தி வெச்சிருக்கீங்களே!"

கரையே திரண்டு வேடிக்கை பார்த்தது.

இனெஸ் கணவர் காதோரம் சொன்னாள்: "பேரை இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாங்க."