கடைசி மஞ்சள் சீட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்று மென்பொருள் அலுவலகமாகியிருக்கிறது. கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் காலை வெயிலில் தூசி மிதக்கிறது. சாயா டம்ளரோடு எல்லோரும் வேலைச் சீட்டுகளைக் கட்டம் கட்டமாக ஒட்டிய வெள்ளைப் பலகையின் முன் நிற்கிறார்கள். சீட்டு ஒன்று ‘முடிந்தது’ கட்டத்துக்குப் போனால் கைதட்டுவது இங்கே வழக்கம். ‘சோதனை’க் கட்டத்தில் மட்டும் மஞ்சள் சீட்டுகள் அப்பிக் கிடக்கின்றன; சோதிப்பவள் ஹிஸானா ஒருத்திதான். அவளுக்கு அடைப்பு என்றே பேர் வைத்துவிட்டார்கள். குழுத்தலைவன் ரமேஷ்பாபு சிரித்துக்கொண்டே ‘சோதனை’ என்ற எழுத்தைத் துடைத்து அழிக்கிறான். “இனி இந்தக் கட்டமே வேண்டா. எல்லாத்தையும் நீயே அங்கிட்டு மாத்தி ஒட்டு, ஹிஸானா.” அவள் ஒவ்வொன்றாகப் பிய்த்து ‘முடிந்தது’ கட்டத்தில் ஒட்டுகிறாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கடைசிச் சீட்டை மட்டும் விரல் விடவில்லை. “சேட்டா, இந்த ஆஸ்பத்திரி ஆப் சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியாளோட மருந்தளவைத்தான் காட்டுது.” “அதை ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்துச் சொல்லட்டும்.” அவன் சீட்டை உருவி, ‘முடிந்தது’ கட்டத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். பழக்கதோஷத்தில் ஹிஸானாவின் கைகளும் சேர்ந்து தட்டுகின்றன.