முருங்கைக்கு ஏது நெஞ்சு

இணையத்து மாடித்தோட்டக் குழுவில் செடியைத் தவிர வேறெதைப் பேசினாலும் கண்காணிக்கும் இயந்திரம் அந்த நொடியே அழித்துவிடும். மூன்று முறை தவறினால் ஆளையே வெளியேற்றிவிடும். வெட்டி அரட்டை இல்லையென்று பொற்கொடிக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அன்று மாலை ஏசுவடியான் எழுதியிருந்தார்: "என் முருங்கைக்கு இடது கிளை மரத்துப் போச்சு. நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கு. கூப்பிட குரல் வரல. வீட்ல யாருமில்ல."

முருங்கைக்கு ஏது நெஞ்சு? பொற்கொடி அதை மறுபடி வாசித்தாள். "சார், உங்களுக்கா? வீடு எங்க?" என்று எழுதினாள். அழிந்தது. மறுபடி எழுதினாள். அதுவும் அழிந்தது.

நான்கு வருடப் பழக்கம். அவர் தொட்டி மண்ணில் உப்பு அதிகம் என்று தெரியும். எந்த ஊர்க்காரர் என்றோ, போன் நம்பரோ தெரியாது. இன்னொரு முறை தவறினால் அவரை அடைய வழியே இருக்காது.

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: "முருங்கையை உடனே பாக்கணும் சார். எந்தத் தெருவுல நிக்குது?"

இயந்திரம் விட்டுவிட்டது. "நாகர்கோவில், கோட்டாறு, சந்தைக்குப் பின்..." என்று பதில் வந்து, பாதியிலேயே நின்றது.

108-ஐ அழைத்து, கோட்டாறுக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ்காரரிடம் அழுகையோடு சொன்னாள்: "வீட்டு நம்பர் தெரியாதுண்ணா. மாடியில முருங்கை நிக்கும். அண்ணாந்து பாத்துக்கிட்டே போங்க, போனை மட்டும் வச்சிராதீங்க."

சைரனும் தெருச் சத்தமும் வெகுநேரம் கேட்டன. பிறகு கதவை உடைக்கும் ஓசை.

"மூச்சு இருக்கும்மா, தூக்கிட்டோம்" என்றார் அவர். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"அவர் முருங்கையைத் தெரியும்ண்ணா" என்றாள் பொற்கொடி.