ஆள் பழக்கம்

பூனை இன்றைக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான் இருந்தது.

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் மெல்ல உட்கார்ந்தாள். பூனையை நேராகப் பார்க்கக் கூடாது, கையை நீட்டிக்கொண்டு போகக் கூடாது. சும்மா உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதற்குத்தான் சம்பளம்.

"சாப்பாடு வெச்சுட்டுப் போனா போதாதும்மா. கொஞ்ச நேரம் கூட உக்காந்து பேசுங்க. நாங்க ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள அதுக்கு ஆள் பழக்கம் விட்டுப்போயிடக் கூடாது." பூனைக்காரர் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான். ஆளை அவள் பார்த்ததில்லை. சாவி காவலாளியிடம் இருந்தது.

நாங்க என்றதும் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கொடியில் இரண்டு அளவுகளில் ஆண் சட்டைகள் தொங்கின. அண்ணன் தம்பியாக இருக்கும். யாராக இருந்தால் நமக்கென்ன.

பேச்சு முதல் நாளே தீர்ந்துவிட்டது. வெயில், பஸ் நெரிசல், முட்டிவலி எல்லாவற்றையும் பூனையிடம் சொல்லியாயிற்று. சுவரோடு பேசினால் எதிரொலியாவது வரும்.

அவள் ஃபோனை எடுத்தாள்.

மகன் எப்போதோ அனுப்பிய குரல்பதிவு ஒன்று அதில் மிச்சமிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்த அன்று அவன் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னான். அப்பா வாசலைக் காட்டினார். "தலைமுழுகியாச்சு, இனி அந்தப் பேச்சே கூடாது" என்றார். அதற்குப் பிறகு மகனின் எண் உபயோகத்தில் இல்லை. வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஃபோனைக் காதோடு அழுத்தித்தான் கேட்பாள்.

இங்கே யாருக்குப் பயம்? சத்தத்தைக் கூட்டினாள்.

"அம்மா, மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத, எனக்குத் தெரியும்." பிறகு அவன் சிரிப்பு.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஏதோ உருண்டது.

மீசையில் ஒட்டடையோடு பூனை வெளியே பாய்ந்து வந்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு நேராக ஃபோனிடம் போனது. அதன் பின்பக்கத்தை மோந்து பார்த்தது. கன்னத்தை வைத்துத் தேய்த்தது. குரல் நின்றதும் குழந்தை மாதிரி கத்தியது.

தற்செயலாக இருக்கும். சோதித்துவிட வேண்டும் என்று, கையில் அகப்பட்ட வேறு குரலைத் தட்டினாள். அது அவளை இந்த வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் சூப்பர்வைசரம்மா பேசி அனுப்பியது. பூனை காதை மடக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடியது.

குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "வேற யாரையும் அனுப்பாதீங்க, உங்க ஃபேஸ்புக் பக்கத்துல படம் போட்டிருக்கே, அந்தம்மாதான் வரணும்னு பூனைக்காரர் ஒத்தக்கால்ல நிக்கறாரு. மாட்டேன்னு சொல்லிடாதீங்கக்கா."

இதை முதலில் கேட்ட அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது. நம் வேலைக்கும் ஒரு பேர் இருக்கிறது என்று.

எழுந்து போய், இதுவரை எட்டிப் பார்க்காத உள்ளறையைத் திறந்தாள். ஒரு கட்டில். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை.

அவன் அன்று சொன்ன விஷயம் இந்த அறையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

கோபமா, பயமா, என்னவென்று பிரித்துச் சொல்ல வரவில்லை. பெற்ற பிள்ளையின் வீட்டுக்குள் செருப்பை வெளியே விட்டு, தயங்கித் தயங்கி விளக்கைப் போட்டு, கூலியாளாக வந்து போயிருக்கிறாள். பழக்கிக்கொண்டிருந்தது யாரை யாரோடு?

கணவர் காதுக்குப் போனால் அவளுக்கும் அந்த வாசல்தான். நாளையிலிருந்து முடியாது என்று ஏஜென்சியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது.

பூனைக்காரரின் எண்ணை அழுத்தினாள்.

"பூனை வெளிய வந்துடுச்சு, சார்."

மறுமுனையில் அவருக்குப் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது.

"எப்படிம்மா வந்துச்சு?"

சாப்பாட்டு வாசனைக்கு வந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அவன் குரலைக் கேட்டுத்தான் வந்துச்சு, தம்பி."

அந்தப் பையன் குரலைத் தாழ்த்தினான்.

"நாங்க ஊருக்கெல்லாம் போகலைம்மா. எதிர்க் கட்டடத்துல, சிநேகிதன் வீட்டு மாடியிலதான் இருக்கோம். நீங்க பஸ் ஏறிப் போற வரைக்கும் அவன் ஜன்னலைவிட்டு நகர்றதே இல்ல."

அவள் ஃபோனைத் துண்டிக்காமல் சமையலறைத் தரையில் வைத்தாள்.

பூனையின் தட்டில் இருந்த மீனை விரலில் எடுத்து நீட்டினாள். பூனை கொஞ்சம் யோசித்தது, பிறகு வந்தது. அது நக்கிக்கொண்டிருக்கும்போதே வாரி எடுத்து, உள்ளறையில் விட்டு, கதவைச் சாத்தினாள்.

அவனுக்கு வாசல் கதவைத் திறக்கும்போது அது வெளியே ஓடிவிடக் கூடாது.